சம்மணத்திலிருந்து எழுந்தான்... பாதம் எழவில்லை!

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பியிடமிருந்து போன். எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, என் கதைய எளுதிருங்க" என்றான்.

எனக்கு ஆச்சரியம். இதே ஆள்தான் சில மாதங்களுக்கு முன்னால், "பத்திரிகை கித்திரிகைன்னு எளுதித் தொலைச்சிராதீக, வெளிய தல காட்ட முடியாது" என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கெஞ்சியவன்.

"என்னலே, திடீர்னு?"

"நாலு பேருக்குத் தெரியட்டும்க்கா. பேரை மட்டும் மாத்திருங்க."

மாற்றிவிட்டேன். இந்த வாரம் அவன் பெயர் சங்கரபாண்டி. கதையில் வரும் மற்றவர்களுக்கும் நான் வைத்த பெயர்கள்தான்.

சங்கரபாண்டி என் சித்தி மகன். வயது நாற்பத்தாறு. எம்.புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது மட்டும் இல்லை... வெடிமருந்தும்தான். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாவற்றையும் அளந்து, சலித்து, கலந்து கொடுக்கவேண்டும். மற்ற அறைகளிலிருந்து தள்ளி, தனியாக ஒரு சின்ன அறை. உள்ளே குத்தவைத்து உட்கார்ந்து வேலை பார்ப்பது ரெண்டே பேர். அங்கே எதுவும் உரசக்கூடாது. எதையும் தட்டக்கூடாது. கையிலிருந்து எதையும் நழுவ விடவே கூடாது. கையில் நிதானம் உள்ளவனைத்தான் அந்த அறைக்குள் விடுவார்கள்.

அப்படிப்பட்ட கைக்காரன் அவன்.

ஆனால் விவகாரம் ஆரம்பித்தது கையில் இல்லை, காலில்!

அவன் தங்கச்சி செல்வி திருப்பூரில் இருக்கிறாள். அவளுடைய பெண்ணுக்கும் பையனுக்கும் சேர்த்து மொட்டை, காதுகுத்து. ஆனைக்குட்டம் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில் வைத்திருந்தார்கள். கிடா வெட்டி, பந்தல் போட்டு, இரண்டு வேன் நிறையச் சொந்தபந்தம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்தவேண்டும்? பட்டு வேட்டியும் சட்டையும் தோளில் துண்டுமாக, வெறும் கல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான் சங்கரபாண்டி.

முதலில் பெண் குழந்தைக்கு மொட்டை. அப்புறம் பையனுக்கு. அவன் லேசில் தலையைக் கொடுப்பானா? அழுகை, உதை, கடி... எல்லாம் மாமனுக்குத்தான். மொட்டை முடிந்தது என்று பார்த்தால் காது குத்தும் ஆசாரியைக் காணோம். அவர் வண்டி வழியில் பஞ்சராம். "எந்திரிக்காத மாப்ளே, இந்தா வந்துட்டாரு, இந்தா வந்துட்டாரு" என்றே நேரம் ஓடியது. ஆசாரி வந்து, குத்தி முடித்து, போட்டோக்காரர் "மாமா, இன்னொரு ஸ்டில்" என்று நாலு தடவை கேட்டு... எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆள் அசையவில்லை. மடியில் பிள்ளை தூங்கிவிட்டதே!

எல்லாம் முடிந்து, பையனைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். ஓர் எட்டு வைத்தான். வலது பாதம் தரையில் இழுத்தது.

"மாமனுக்குக் காலு மரத்துப்போச்சுடோய்!" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

அடுத்த எட்டில், மடங்கிய பாதம் தரையில் இடறி, அப்படியே பக்கவாட்டில் சரிந்து விழுந்தான். விழும்போதும் பிள்ளையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். செல்வி ஓடிவந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டாள்.

சிரிப்பு நின்றது.

"எந்திரிலே, காலை உதறு" என்றேன்.

உதறினான். முழங்கால் மடங்கியது, நீண்டது. தொடையை ஆட்ட முடிந்தது. பாதம் மட்டும் கணுக்காலுக்குக் கீழே தொளதொளவென்று தொங்கியது.

"அக்கா... பாதத்தத் தூக்க முடியலக்கா" என்றான். அவன் குரலில் வலி இல்லை. பயம்தான் இருந்தது.

தேய்த்துப் பார்த்தார்கள். தண்ணீர் தெளித்தார்கள். நல்லெண்ணெய் கொண்டுவா என்றார் ஒருவர். "வெரதம் சரியா இருந்தியாலே? சாமி குத்தமா இருக்கப் போவுது" என்றார் இன்னொருவர். மரத்த கால் என்றால் கொஞ்ச நேரத்தில் ஊசி குத்துவது போலச் சுருசுருவென்று உணர்ச்சி வரவேண்டாமா? வரவே இல்லை. அவன் மனைவி மாரீஸ்வரி அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வாயி கோணுதா பாருங்க மதினி... வாயி கோணுதா பாருங்க!"

எல்லார் மனதிலும் ஓடிய வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கவாதம்.

அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு விருதுநகருக்குப் பறந்தோம். வழி நெடுக அவனைப் பேச வைத்துக்கொண்டே வந்தேன். எங்கோ படித்திருக்கிறேன், பேச்சு குழறுகிறதா என்று பார்க்கவேண்டும் என்று.

"என் பேரு என்னலே? நாம எங்க போறோம், சொல்லு!"

"அக்கா, எனக்குக் காலுதான் வரல. கோட்டி பிடிக்கல, புத்தி சரியாத்தான் இருக்கு" என்றான்.

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது.

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். நடுத்தர வயதுப் பெண்மணி. பதற்றமே இல்லாமல் ஆரம்பித்தார். "பல்லைக் காட்டுங்க... ரெண்டு கையையும் நீட்டுங்க... கண்ணை மூடுங்க... இப்ப திறங்க." எல்லாம் சரியாகச் செய்தான். பாதத்துக்கு அடியில் தன் கையை வைத்து, "கீழே அழுத்துங்க" என்றார். நன்றாக அழுத்தினான். "இப்ப மேலே தூக்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். தொடை நடுங்கியது. நெற்றியில் வேர்த்தது. பாதம்? யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனது போலக் கிடந்தது.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பை ஒட்டி விரலால் லேசாகத் தட்டினார் டாக்டர். "யாத்தே!" என்று துள்ளினான். "பாதம் வரைக்கும் சுர்ருனு கரண்ட் அடிக்கி டாக்டர்."

டாக்டரின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "பக்கவாதம் மாதிரித் தெரியலை. எதுக்கும் தலையை ஸ்கேன் பண்ணிப் பார்த்துருவோம்."

ஸ்கேன் பார்த்தார்கள். மூளையில் கோளாறு எதுவும் இல்லை. மாரீஸ்வரி ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருந்த எல்லாச் சாமிகளையும் கும்பிட்டாள். அதற்குள் ரத்தப் பரிசோதனையும் வந்துவிட்டது. சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.

"சுகர் இருக்குன்னு தெரியுமா?" என்றார் டாக்டர்.

"இருக்கு டாக்டர்... லைட்டா."

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சுகர் லைட்டாகத்தான் இருக்கும். காபிக்குச் சீனி வேண்டாம் என்பார்கள். பால்கோவா டப்பாவை மூடமாட்டார்கள். சங்கரபாண்டி இன்னும் ஒரு படி மேலே. தலை சுற்றினால் மாத்திரை போடுவான். சுற்றாவிட்டால் சுகர் போய்விட்டது என்று அர்த்தம். தீபாவளி சீசனில் அதுவும் கிடையாது. "லோடு நிக்கும்போது மாத்திரைய யாரு தேடுறது?" என்பான்.

எனக்குப் புரியவில்லை. "டாக்டர், நாங்க எல்லாரும் பிறந்ததிலிருந்து சம்மணம் போட்டுத்தான் உட்கார்றோம். அதுக்காகக் கால் விழுந்துருமா?"

"உங்களுக்குச் சாதாரணமா விழாது. மரத்துப்போகும், உதறினா சரியாயிடும். இவருக்கு அப்படி இல்லை" என்றவர், என் முழங்காலுக்குக் கீழே அதே இடத்தைத் தொட்டுக் காட்டினார். "பாதத்தைத் தூக்குற நரம்பு இந்த எலும்பைச் சுத்தித்தான் போகுது. மேலே சதை கிடையாது, தோல் மட்டும்தான். குத்தவச்சு உட்கார்ந்தாலும், சம்மணம் போட்டுக் கல்லுல அழுந்தினாலும், காலுக்கு மேல கால் போட்டாலும் அடி வாங்குறது இந்த நரம்புதான். நல்ல நரம்பு தாங்கிக்கும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாத உடம்புல, நரம்புக்குச் சாப்பாடு கொண்டுபோற சின்னச் சின்ன ரத்தக் குழாய்களே கெட்டுப்போயிருக்கும். நரம்பும் நீர் கோத்து ஊறிப்போய் இருக்கும். புது ஒயரை மிதிச்சா ஒண்ணும் ஆகாது. வெயில்ல கிடந்து இத்துப்போன ஒயரை மிதிச்சா...?"

சர்க்கரை நோய் என்றால் கண் போகும், கிட்னி போகும், காலில் புண் வந்தால் ஆறாது என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! ஏற்கெனவே நலிந்த நரம்பு சும்மா உட்கார்ந்த அழுத்தத்தில் படுத்துவிடும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? முழங்கைக்குள்ளே, மணிக்கட்டுக்குள்ளே... நரம்பு இடுக்கு வழியாகப் போகும் இடத்திலெல்லாம் இந்த ஆபத்து உண்டாம். கடை மேஜையில் நாள் பூராவும் முழங்கையை ஊன்றிக்கொண்டிருக்கும் எங்கள் ஊர் வியாபாரிகள் ஒவ்வொருவராக என் கண்முன் வந்து போனார்கள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஸ்கேனுக்காகக் கழற்றிய சட்டையை அவன் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். பொத்தானை மாட்டத் தடவிக்கொண்டே இருந்தான். டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையைக் காட்டுங்க."

"கை நல்லாத்தான் இருக்கு டாக்டர்."

"பொய்யி டாக்டரம்மா" என்று வெடித்தாள் மாரீஸ்வரி. "விடியிறதுக்குள்ள பத்து தடவ கைய உதறுறாக. கேட்டா, கொசுவ வெரட்டுறேங்காக!"

டாக்டர் அவன் வலது கையைத் திருப்பினார். கட்டைவிரலுக்கு அடியில் எல்லாருக்கும் ஒரு சதை மேடு இருக்குமே, அது அவனுக்கு வற்றித் தட்டையாக இருந்தது. இத்தனை நாள் நாங்கள் யாருமே பார்க்கவில்லை. கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனிகளுக்கு நடுவே எதையோ வைத்தார். "என்னது, சொல்லுங்க."

உருட்டி உருட்டிப் பார்த்தான். "சாவியா?"

கண்ணைத் திறந்தான். பேனா மூடி.

"என்ன வேலை பார்க்குறீங்க?"

அவன் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான். நான்தான் சொன்னேன். "பட்டாசுக் கம்பெனி டாக்டர். மருந்து கலக்குற வேலை."

டாக்டர் இந்தப் பக்கத்துக்காரர். மருந்து கலப்பது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "கையில இருந்து எதாவது நழுவியிருக்கா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கேக்காகல்ல, சொல்லுலே" என்றேன்.

"போன வாரம்... சல்லடை நழுவிருச்சு."

"எங்க?"

"ரூமுக்குள்ளதான்."

"வெறுஞ் சல்லடையா?"

தலையை ஆட்டினான். இல்லை என்று. "மருந்தோட. தொடையில விளுந்துச்சு. கீள விளல. கீள விளுந்திருந்தா..."

நாலைந்து நாளுக்கு முன்னால், ஒரு சாதாரண வேலை நாளில், நாங்களெல்லாம் காதுகுத்துக்குச் சேலை எடுத்துக்கொண்டிருந்தபோது, இவன் அங்கே... இல்லை, இப்போது எழுதும்போதும் என்னால் அதை முழுசாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாரீஸ்வரி அழவில்லை. அவனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உள்ள கூட யாரு இருந்தா?"

"ராமர்."

ராமர் அவனோடு சேர்ந்து மருந்து கலக்கும் பையன். முப்பது வயதுகூட ஆகாது. கல்யாணமாகி ஒரு வருடம்.

"அவன் பொஞ்சாதி மாசமா இருக்கா, தெரியும்ல?" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் அன்று முழுக்க அவனிடம் அவள் பேசவில்லை.

ஏன் மறைத்தான்? திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "சொன்னா உள்ள விடமாட்டாகக்கா. அந்த ரூம்ல அம்புட்டு வருசம் நான் வச்சதுதான் பதம். பேன்சி ஆர்டருன்னா என்னையத்தான் கூப்பிடுவாக. விரலு மதமதன்னு இருக்குன்னு சொல்லிட்டு, வாசல்ல போயி நிக்கச் சொல்றீகளா?" என்றான். கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்துக்கொண்டான். "வலி இருந்தாக்கூட சொல்லியிருப்பேன். வலிக்கலையே."

வீட்டுக்கு வந்தபின் அவன் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "கம்பெனிக்குப் போவணும், கூட வாங்க" என்றான். பாதம் தொங்காமல் இருக்க டாக்டர் கொடுத்த பிளாஸ்டிக் பட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு முதலாளி அறைக்குள் போனான். எதையும் மறைக்கவில்லை. கால், கை, சல்லடை... எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னான்.

முதலாளி வயதானவர். சல்லடை என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஏலே... எத்தன உசுருலே! எத்தன உசுரு! ஒனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று அவர் போட்ட சத்தத்தில் வெளியே லாரிக்கு அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சங்கரபாண்டி தலை குனிந்தபடி நின்றான். வேலை போனது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

கத்தி ஓய்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"நீயா வந்து சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார், இப்போது வேறு குரலில். "இனிமே அந்த ரூம் பக்கம் நீ போகப்படாது. மொதல்ல ஒடம்பப் பாரு. கால் வந்ததும் வா... லோடு ஏத்துற எடத்த நீ பாத்துக்கோ." பிறகு கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார். "மருந்தத் தொடுற அத்தன பேருக்கும் சுகரு, நரம்பு எல்லாம் பாக்கணும். எந்த டாக்டர்னு இந்த அம்மாட்ட கேளு."

வெளியே வந்ததும் சங்கரபாண்டி திரும்பிப் பார்த்தான். தூரத்தில் அந்த அறை தெரிந்தது. கதவுகள் திறந்திருந்தன, உள்ளே யாரோ சலித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி ஆட்டோவைக் கூப்பிடப் போனேன்.

அப்புறம்? மதுரைக்குப் போய், நரம்பில் கரண்ட் எப்படி ஓடுகிறது என்று ஒரு பரிசோதனை. ரெண்டு கை மணிக்கட்டிலும் நரம்பு நசுங்கியிருந்தது. வலது கையில் அதிகம். தினமும் இன்சுலின், பத்தியம், பிசியோதெரபி. குத்தவைக்கக் கூடாது, சம்மணம் கூடாது. மாரீஸ்வரி வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சாப்பாடு முதற்கொண்டு அவனுக்கு எல்லாமே அதில்தான் என்று ஆக்கிவிட்டாள். வாரக்கணக்கில் பாதம் அசையவில்லை. "இம்புட்டுத்தானக்கா, இனி வராது" என்று அவன் கை கழுவிவிட்ட சமயத்தில், ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த அவன் மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, பெருவெரலு ஆடுது!"

எனக்குப் போன் வந்தது. எதிர்முனையில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். பெருவிரல் ஆடியதற்கு ஒரு வீடே கூத்தாடியதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

இப்போது நடக்கிறான். பட்டை தேவைப்படவில்லை. வேகமாக நடந்தால் மட்டும் செருப்பு காலை விட்டு நழுவுகிறது. வலது மணிக்கட்டில் ஆபரேஷன் செய்தாயிற்று. கையை உதறும் தொல்லை போனது. ஆனால் மதமதப்பு முழுதாகப் போகவில்லை. ரொம்ப நாள் விட்டுவிட்டோமாம். டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். லோடு ஏற்றும் இடத்தில் வேலை. பழைய கௌரவம் இல்லை என்று அவ்வப்போது முனகுவான். மாரீஸ்வரி ஒரு பார்வை பார்ப்பாள். முனகல் நின்றுவிடும்.

இதைப் படித்துவிட்டு, பாதம் தொங்கினால் நரம்பு நசுங்கல்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். திடீரென்று கையோ காலோ விழுந்தால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எது பக்கவாதம், எது இல்லை என்று சொல்லவேண்டியவர் டாக்டர். எண்ணெய் தேய்க்கிறவர் இல்லை.

கடைசியாக ஒன்று. கதையை எழுதச் சொல்லி அவன் போன் பண்ணியதற்குக் காரணமே இதுதான். முதலாளி சொன்ன பரிசோதனை தள்ளித் தள்ளிப் போய், போன மாதம்தான் நடந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ராமர் சங்கரபாண்டி வீட்டுக்கு வந்திருக்கிறான். "அண்ணே... எனக்கும் மூணு விரலு ஒரு மாதிரி மதமதன்னுதான் இருக்கு. நாளைக்கு டாக்டர்ட்ட எப்பிடிண்ணே சொல்லாம சமாளிக்க?" என்று கேட்டிருக்கிறான்.

ஒரே அறையில், எதிரும் புதிருமாக, மரத்த விரல்களோடு ரெண்டு பேர்! ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்குத் தெரியாமல், நடுவில் அத்தனை மருந்தையும் வைத்துக்கொண்டு சலித்திருக்கிறார்கள்.

"சமாளிக்கவா? வாலே எங்கூட" என்று மறுநாள் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வரிசையில் முதல் ஆளாக உட்காரவைத்தது சங்கரபாண்டிதான். ராமருக்கும் சுகர். அதுவரை அவனுக்கே தெரியாது. நல்லவேளை, ஆரம்பக் கட்டம்; சரியாகிவிடும் என்றிருக்கிறார் டாக்டர். இப்போது அவனும் மருந்து அறையில் இல்லை. பேக்கிங்கில் இருக்கிறான். போன வாரம் அவனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது.

எங்காவது வலித்தால் டாக்டரிடம் போகிறோம், சரி. வலிக்கவேண்டிய இடத்தில் எதுவுமே தெரியவில்லை என்றால்...? அப்போதும் போய்த் தொலையுங்களேன்!